வாலாராய்ச்சி: உலர் ஈயின் பின்புறம் குறித்து உக்குவளையிலிருந்து ஒரு விசாரணை

தூண்டில் முள்ளில் நூலும் கோழியிறகும் சுற்றிச் செய்யப்படும், நீரில் மிதக்கும் ‘உலர் ஈ’ என்ற பொம்மை ஈக்கு வால் எதற்கு என்ற வினாவை அறிவுலகம் இன்னும் உரிய தீவிரத்தோடு அணுகவில்லை. ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1886இல் மிதக்கும் ஈக்களைக் கட்டுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் வழிவந்தவர்களுக்குப் பூச்சியை அச்சு அசலாகப் பார்த்துச் செய்வதே வேதம். அப்படியானால் வாலும் பூச்சியின் வாலாகவே இருக்கவேண்டும். நம் துணிபு வேறு: வால் பூச்சிக்கு உரியதன்று, முள்ளுக்கு உரியது. இதை நடுநிலையோடு ஆராய உக்குவளையைப் போல வசதியான ஊர் கிடைக்காது. இந்த ஈக்கு ஏமாறுவதற்கென்றே பேர்போன ட்ரவுட் மீன் இங்கே கிடையாது. வெள்ளையர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்துவிட்ட அம்மீன், நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிக் குளிரைவிட்டுக் கீழே இறங்க மறுத்துவிட்டது. பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீரே சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் வந்து, 1976 முதல் உக்குவளை மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுச் சுதுகங்கையில் கலக்கிறது; ட்ரவுட் மட்டும் வந்தபாடில்லை. ஆக, சாட்சி சொல்லவும் ஆளில்லை, சாட்சியைக் கலைக்கவும் ஆளில்லை.

சான்றுகளுக்கு வருவோம். இவ்வகை ஈக்கள் பெரும்பாலும் மேஃப்ளை என்ற பூச்சியை மாதிரியாகக் கொண்டவை. அதற்கு வால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. கட்டுபவரோ சேவலிறகிலிருந்து எட்டுப் பத்து இழைகளைப் பிடுங்கி வைத்துக் கட்டுகிறார். அவருக்கு எண்ணத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நூலை எத்தனை சுற்று சுற்றினோம் என்று கணக்கு வைத்திருப்பவர் அவர். இன்னொன்று. உயிருள்ள பூச்சி நீரின்மேல் நிற்கையில் வாலைப் பெரும்பாலும் தூக்கியே வைத்திருக்கும். பொம்மையின் வால் நீரில் படிந்து கிடக்கும். மீனின் கண்ணிலிருந்து மேல்நோக்கி விரியும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள்தான் வெளியுலகம் தெரியும். அதற்கு அப்பால் நீர்ப்பரப்பு வெறும் கண்ணாடி. அதை அழுத்துவது எதுவோ அதுவே கண்ணில் படும். ஆகவே அசலில் அநேகமாகக் காணாத வாலையே மீன் போலியில் முதலில் காண்கிறது. அப்படியும் கடிக்கிறது.

பின் வால் என்னதான் செய்கிறது? முள்ளின் வளைவும் கூரும் பின்புறத்தில் இருக்கின்றன. எஃகின் பாரம் அங்கேதான் இழுக்கிறது. முன்புறத்தைக் கழுத்தில் சுற்றிய இறகு தாங்குகிறது. பின்புறத்தை வால் தாங்குகிறது. சைக்கிளுக்கு ஸ்டாண்ட் எதுவோ, ஈக்கு வால் அது. பெட்டையின் இறகைத் தள்ளிச் சேவலிறகைத் தேடுவதும் இதனால்தான்: பெட்டையிறகு பஞ்சுபோல் நீரைக் குடிக்கும், சேவலிறகின் இழை விறைத்து நிற்கும். கட்டும் கையைப் பாருங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் நூலால் சிறு மேடு எழுப்பி, இழைகளைச் சிட்டிகையாகப் பிடித்து, முதல் சுற்றைத் தளர்வாகப் போட்டு, பிறகே இறுக்குகிறார். முதலிலேயே இறுக்கினால் நூல் இழைகளை உருட்டி முள்ளின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும். மேட்டில் ஏறிய இழைகள் விசிறியாக விரியும். மேஃப்ளைக்கு விசிறி வால் இல்லை. ஆனால் விரிந்தது அதிக நீரைத் தொடும், அதிகம் தாங்கும். லீ வுல்ஃப் என்ற அமெரிக்கர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மான்வால் மயிரை ஈக்கு வாலாக்கியதும், அன்றைய மெலிந்த ஈக்கள் சரியாக மிதக்கவில்லை என்ற குறையால்தான்.

வாலே இல்லாத ஈக்களும் மிதக்கின்றனவே என்று ஒரு தடை எழலாம். எழட்டும். எல்க் என்ற மானின் மயிரைச் சிறகாக வைத்துக் கட்டும் கேடிஸ் என்ற பொம்மை ஈக்கு வால் இல்லை. அதன் சிறகுமயிரே முள்ளின் வளைவுவரை நீண்டு தாங்கிவிடுகிறது. வேலைக்கு வேறு ஆள் கிடைத்ததும் வாலுக்குச் சீட்டுக் கிழிந்தது, அவ்வளவே. இரண்டாவது தடை உள்ளூருடையது, கனமானது: மண்புழுவைக் கோத்தாலே மீன் வரும்போது இத்தனை பாடு ஏன்? மறுக்க முடியாதது, ஆனால் பசியை முன்வைத்து ஆய்வை மறிப்பது முறையன்று. மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பி ஆற்றில் விழ, மீன் மேலே வந்து கவ்வும் நேரத்தில் அந்தப் புழுக்காரரும் நம் வழிக்கு வந்தாக வேண்டும். ஈசலுக்கு நீள வால் இல்லை. ஹால்ஃபோர்டின் வழியில் கட்டினால் வாலற்ற ஈசல் பின்பாரத்தால் அமிழும். நம் வழியில் கட்டினால் வாலுள்ள ஈசல் மிதக்கும். இரண்டும் வேண்டாமென்றால், தேய்ந்த ரப்பர் செருப்பில் மெல்லிய கீற்றொன்றை வெட்டி முள்ளின் முதுகில் கட்டிவிடலாம். வாலும் வேண்டியதில்லை, சேவலும் தப்பிக்கும்.