சாப்பாட்டு ராமனின் பட்டப்பெயர்கள்

ரயில் மதுரையைத் தாண்டித் தெற்கே போகும்போது மற்றவர்கள் ஊர்ப்பெயரைப் பலகையில் படிப்பார்கள். இவருக்குப் பலகை வேண்டாம். விருதுநகர் என்றால் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் என்றால் சேவு, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு வருஷமா?" என்று சலித்துக்கொண்டவர் இவர்.

ஊர் இவரைச் சாப்பாட்டு ராமன் என்கிறது. இவர் தம்மை ரசனைக்காரர் என்கிறார்.

வீட்டில் பட்டம் சூட்டும் அதிகாரம் அடுப்படிக்கு. வத்தக்குழம்புக்கு மறுசோறு கேட்கும்வரை போஜனப்பிரியர். "சுண்டைக்காய் இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்கலாம்" என்று வாய் தவறிச் சொன்னால், "நாக்கு நாலு முழம்." ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆனியன் ரவா ஆசை வந்தால் தீனிப்பண்டாரம். விருந்துக்கு வந்த இடத்தில், "வயித்துக்கு வஞ்சகம் பண்ணாத மனுஷன்" என்பார்கள். அது பாராட்டா, பாத்திரம் காலியான வருத்தமா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். புது மாப்பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. நாலாவது அதிரசத்தில் கை வைத்தாலும் அவர் 'கூச்சப்படாம பழகுறவர்'.

இவருடைய மகனுக்கு இந்த வசவெல்லாம் கிடையாது. அதே காரியத்தைக் கையில் போனோடு செய்வதால் அவன் 'ஃபுடி'. 1980-களில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல் அது. 1984-இல் ஆன் பார், பால் லெவி இருவரும் ஃபுடிகளுக்கென்றே ஒரு கையேடு போட்டார்கள், பாதிக் கிண்டலாக. கிண்டல் கடல் தாண்டி வரவில்லை. மேஜையில் சீரகச் சம்பா பிரியாணி ஆவி பறக்க, மகன் நாலு கோணத்தில் படம் பிடிக்கிறான். அப்பாவின் கை இலையோரம் காத்துக் கிடக்கிறது.

ஆனால், வீட்டில் கல்யாணம் நிச்சயமாகட்டும். சமையல்காரரைப் பேசி முடிக்க இவரில்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். அன்றைக்கு இவர் 'விஷயம் தெரிஞ்சவர்'. மாதிரிக்கு வந்த ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடித் திறக்கிறார்.

"பெருங்காயம் கட்டியா, தூளா?"

சமையல்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். உதவியாளைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "தம்பி, முகூர்த்தத்தன்னிக்கு அண்ணனை முதல் பந்தியிலயே உட்கார வச்சிரு. சமையக்கட்டுப் பக்கம் விட்றாதே."