நியூஜெர்சிக் கடிதம்: எந்தக் கறுப்பு?

அமெரிக்கப் பெயின்ட் கடையில் கறுப்பு கேட்டால் உடனே கறுப்பு வராது. எந்தக் கறுப்பு என்ற கேள்விதான் வரும். ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் நிற அட்டைகளில் அதிகம் சண்டை மூட்டும் ஜோடி 'ட்ரைகார்ன் பிளாக்', 'அயர்ன் ஓர்'. முன்னது சுத்தக் கறுப்பு. பின்னது இரும்புத் தாதுவின் பெயரைத் தாங்கிய கரிச் சாம்பல். புதிதாக வீடு வாங்கிய தமிழ்க் குடும்பம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஊரில் ஒரு தெருவுக்கே வெள்ளையடித்து விடலாம்.

ஊர் வழக்கம் அப்படி. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பைக் கரைத்து, வெண்மை எடுப்பாக இருக்கச் சிறிது நீலம் கலந்து அடித்தால் வேலை முடிந்தது. கறுப்பு என்பது விறகடுப்பு கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்த நிறம். அதை மறைக்கத்தான் வெள்ளையே அடித்தார்கள். இங்கே அதைக் காசு கொடுத்து, 3.78 லிட்டர் கொண்ட காலன் கணக்கில் வாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணால் சொல்லலாம். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை அளவு உண்டு. 0 முழு இருட்டு. ட்ரைகார்ன் பிளாக்குக்கு 3, அயர்ன் ஓருக்கு 6. மூன்றே மதிப்பெண் வித்தியாசம் என்று கணவர் சொல்வார். இரண்டு மடங்கு என்று மனைவி சொல்வார். இருவர் கணக்கும் சரி.

கடையில் தரும் தீப்பெட்டி அளவு அட்டையை நம்பக் கூடாது. பெரிய பலகையில் இரண்டு பூச்சு பூசி, அதை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போய்க் காலையிலும் விளக்கு வைத்த பிறகும் பார்க்க வேண்டும். வடக்கு ஜன்னல் அறையில் வெளிச்சம் நீலம் சார்ந்தது. கரிச் சாம்பல் அங்கே குளிர்ந்து தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் அதுவே பழுப்பு பக்கம் சாயும். ட்ரைகார்ன் எந்த வெளிச்சத்துக்கும் அவ்வளவாக மசியாது. அதனால் வாசல் கதவுக்கு அதுவும், உள்ளே மனிதர் புழங்கும் இடத்துக்கு அயர்ன் ஓரும் பொருந்தும். சமையலறை அலமாரியில் இட்லி மாவுக் கை பட்டால் இரண்டுமே கோலம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். மஞ்சள் கறையை மட்டும் மறைக்கும். தமிழ் அடுக்களையில் கருநிறத்துக்கு உள்ள ஒரே சிபாரிசு அது.

வீட்டின் வெளிப்புறத்தில் கை வைக்கப் பல குடியிருப்புகளில் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அனுமதி தேவை. வினைல் பலகைச் சுவரில் கருநிறம் பூசினால் வெயிலை உறிஞ்சி அப்பளம் போல வளைந்துவிடும் என்பதும் உண்டு.

ஒரு தரம் கலந்த பெயின்ட்டைக் கடைகள் பொதுவாகத் திரும்ப வாங்குவதில்லை. தோற்ற நிறத்தின் டப்பாவைத் திரவமாகக் குப்பையிலும் போட முடியாது. நீர் சார்ந்த பெயின்ட் என்றால் பூனை மணலைக் கொட்டி உறைய வைத்துப் போடலாம். பூனையே இல்லாத வீடுகளின் கராஜில் ஒரு மூட்டை பூனை மணல் இருப்பது இதனால்தான்.