மாக்கோதையின் முத்திரை

கேள்வி: ரோமப் பேரரசன் முகம் போட்ட காசு நம் நொய்யல் கரையிலும் கிடைத்திருக்கிறதே, அவன் அதிகாரம் இதுவரை எட்டியதா?
– வாசகர், மங்கலம்

பதில்: காசு எட்டியது, கை எட்டவில்லை. வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் முகங்கள்தான் மிகுதி. ரோமில் அந்த முகம் அரசாணை. இங்கே வணிகர் பார்த்தது வெள்ளியின் எடையை. புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமேலேயே உளி வெட்டு! அதே சமயம் முகம் பொறிக்கும் வித்தையைச் சேரர் விட்டுவிடவில்லை. கரூரில் கிடைத்த வெள்ளிக் காசில் நம் அரசன் தலை, தமிழி எழுத்தில் ‘மாக்கோதை’ என்று பெயர். வெளிநாட்டு லேபிள் தைத்தே பனியன் அனுப்பும் ஊர்க்காரரே, அந்தக் காசை ஒருமுறை அவசியம் பாருங்கள். நம் சொந்த லேபிள் அது!