பூக்கடைக்கு எதுக்குத் தம்பி விளம்பரம்?

எண்பதுகளில் தியாகராய நகர்ப் பக்கம் விளம்பர ஏஜென்சிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், ரெக்ஸின் பை, வியர்வையில் கழுத்தை இறுக்கும் டை, ராத்திரியெல்லாம் உருப்போட்ட பதில்கள் என்று என் அன்றைய கோலம் அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். ஜவுளிக்கடை முதலாளி கல்லாவை விட்டு அசையாமலே, "பூக்கடைக்கு எதுக்குத் தம்பி விளம்பரம்?" என்பார், முதலில் ஆமோதி, அப்புறம் மெல்ல மறு என்று மேலாளர் சொல்லிக்கொடுத்த சூத்திரப்படி நானும், "நியாயந்தான் ஐயா, ஆனா தெருவுல இன்னும் நாலு பூக்கடை வந்துடுச்சே" என்று ஒப்பிப்பேன், யாரோ சொல்லிக்கொடுத்து வந்த கிளிப்பிள்ளை இது என்று தெரிந்தும் அவர் சிரித்துக்கொண்டே, "தம்பிக்கு ஒரு காபி சொல்லுடா" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

காபி வந்துவிட்டால் அடுத்த கணை: "நேரா பேப்பருக்கே கொடுத்துக்கறேன், நடுவுல நீ எதுக்கு?" இதற்கு மட்டும் என்னிடம் அசைக்க முடியாத பதில் இருந்தது. நேரே போனாலும் எங்கள் வழியாகப் போனாலும் பத்திரிகையில் இடத்தை அளக்கிற காலம் சென்டிமீட்டருக்கு விலை ஒன்றுதான். எங்களுக்குரிய 15 சதவீதக் கமிஷனைப் பத்திரிகையே தந்துவிடும். படம் வரைகிற கூலி தனி என்பதைச் சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொல்வேன். "போன தீபாவளிக்குக் கொடுத்தேனே, எவன் வந்தான்?" என்று கேட்டால், விளம்பரத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போடுவோம், அதை வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுங்கள், சேருகிற துண்டுகளை நீங்களே எண்ணிப் பாருங்கள் என்பேன். "ஆடி போகட்டும்" என்று தள்ளிய மரச்சாமான் கடைக்காரரிடம் ஆவணி பிறந்ததும் போய் நிற்பேன். அவர் கார்த்திகையைக் காட்டுவார். இதற்குள் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகையே வந்துவிடும்.

இன்று அதே கல்லாவில் பேரன் உட்கார்ந்திருக்கிறான். 2000-இல் கூகுள் தன் விளம்பரக் கடையைத் திறந்த பிறகு கைபேசி வைத்திருக்கிற எவரும் தாமே விளம்பரம் போட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டதால், "நடுவுல நீங்க எதுக்கு சார்?" என்கிற தாத்தாவின் கேள்வி மரியாதை கூடி அப்படியே இருக்கிறது, என் பதில்தான் காலாவதியாகிவிட்டது, கட்டணத்தையும் அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டியையும் இப்போது நாங்களே பில் போட்டு நீட்ட வேண்டியிருக்கிறது. காகிதத் துண்டுகளை எண்ணிய காலம் போய், எந்த ஊரில் எத்தனை பேர் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று திரையே சொல்கிறது, அவனோ, "தொட்டவன் கடைக்கு வந்தானா?" என்கிறான். "மச்சான் பையன் நல்லா வரைவான்" என்று அன்று மறுத்த இடத்தில், "ஏஐ இருக்கே சார்" வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம்கூடப் புதுப் பதில்களை உருப்போட்டுவிடலாம். "டீடெய்ல்ஸ் வாட்ஸ்அப்புல போடுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு நீலக் குறிகளோடு வாயை மூடிக்கொள்கிறவர்களுக்குத்தான் எந்த மேலாளரும் சூத்திரம் சொல்லித்தரவில்லை. முகத்துக்கு நேரே மறுத்த மனிதர் பாதி வாடிக்கையாளர் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஆகவே, ஏஜென்சிப் பிள்ளை எவராவது உங்கள் கடைப் படியேறினால், வேண்டாம் என்பதைக் காரணத்தோடு வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். காபியும் கொடுத்தால் புண்ணியம். ஆவணியில் மறுபடி வந்து நிற்பான், அதற்கும் தயாராக இருங்கள்.