துணி காயவில்லை, மற்றபடி நலம்

செம்பூர், மும்பை
ஆனி மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பம்பாய்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்களையும் சேர்த்துவிட்டதற்கு நன்றி சொல்வீர்கள் என்று பார்த்தால் புகார் வந்திருக்கிறது. தாராவிக்காரன் “தண்ணி வந்துட்டா?” என்கிறான், மாட்டுங்காக்காரி “அங்க மழையா?” என்கிறாள், செம்பூர்க்காரர் “துணி காயலை” என்கிறார், படித்த பிள்ளைகள் இத்தனை பேர் கூடி நாள் முழுக்க இதையா பேசுவீர்கள், நாட்டு நடப்பு இல்லையா, இலக்கியம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்க வேண்டிய கேள்விதான். விடிகாலையில் ரோஜாப்பூப் படம் போட்டு “இனிய காலை வணக்கம்” அனுப்புகிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அவர்களை நீங்கள் என்ன சொன்னாலும் தகும். ஆனால் மழை, தண்ணீர், ஈரத்துணி ஆகிய மூன்றையும் வெட்டிப் பேச்சு என்று தள்ளியிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. இந்த ஊரில் காரியப் பேச்சு என்றால் அது இந்த மூன்றும்தான். நீங்கள் காரியம் என்று நினைக்கிற மற்றதெல்லாம் இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

முதலில் “அங்க மழையா?” என்பதைப் பார்ப்போம். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நெல்லை ஜங்ஷனில் இருப்பவனிடம் இப்படிக் கேட்டால், ‘சன்னலைத் திறந்து பாருமய்யா’ என்பான். மும்பையில் சன்னலைத் திறந்தால் உங்கள் சன்னலுக்கு நேரே பெய்கிற மழை மட்டும்தான் தெரியும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நாளில் அதே மாநகரத்தின் தென்கோடியான கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர். கொலாபாவில் குடையை உதறி மூலையில் வைத்த நேரத்தில், வடக்கே மிட்டி ஆறு கேட்காமலே வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. ஒரே முனிசிபாலிட்டிக்கு வரி கட்டுகிற இரண்டு பேருக்கு நடுவே வானம் இவ்வளவு பாரபட்சம் காட்டுமென்றால், “அங்க மழையா?” என்பது நலம் விசாரிப்பா, தகவல் கேட்பா?

‘அதற்குத்தான் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறார்களே’ என்பீர்கள். கொடுக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அது மேலிருந்து எவ்வளவு விழும் என்ற கணக்கு. கீழே எவ்வளவு நிற்கும் என்பது வேறு கணக்கு. இந்த ஊரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை, அதுவும் கடல் இறங்கியிருக்கும் நேரத்தில். கடல் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டுகிற வேளையில் கனமழையும் சேர்ந்தால் தண்ணீர் போக இடமில்லை. அதனால் மழைக்காலம் தொடங்குமுன்னே ஏற்ற நாட்களின் பட்டியலை மாநகராட்சி வெளியிட்டுவிடும். நம்மூரில் ராகுகாலம், எமகண்டம் பார்த்து வெளியே கிளம்புகிறவர்கள் இங்கே வந்ததும் கடல் ஏற்றத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்காத கடைசித் தகவல், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காந்தி மார்க்கெட்டில் இப்போது தண்ணீர் கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்பதுதான். அதை அந்த இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் மட்டுமே சொல்ல முடியும். குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளம் முங்கிவிட்டது என்று யாராவது ஒரு வரி போட்டால், நூறு பேர் அலுவலகத்தை விட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவோ இரண்டு மணி நேரம் பின்னதாகவோ கிளம்புவார்கள். இவ்வளவு பலன் தருகிற தலையங்கம் எந்தப் பத்திரிகையில் வருகிறது, சொல்லுங்கள்.

மழை பெய்தால் பெய்கிறது, அதைப் பேசிக்கொண்டே இருப்பானேன் என்று நம்மூரார் கேட்கலாமா பெரியப்பா? பாபநாசம் அணை எத்தனை அடி என்று கேட்காமல் நெல்லையில் யார் டீ குடிக்கிறார்கள்? 143 அடி நிறைந்தால் பக்கத்து வீட்டுக் கல்யாணம்போல் சந்தோஷப்படுகிறவர்கள் நாம். இங்கே ஒன்றுக்குப் பதில் ஏழு. துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், பாட்சா, மேல் வைதர்ணா, நடு வைதர்ணா என்ற ஏழு ஏரிகள்தான் இத்தனை கோடி ஜனங்களின் குடத்தை நிரப்புகின்றன. பத்திரிகையில் அவற்றின் இருப்பைத் தினமும் சதவீதத்தில் போடுவார்கள். அந்தச் சதவீதம் இறங்க இறங்கக் குழுவில் எல்லாருக்கும் பேச்சு குறைந்து பக்தி கூடும். 2023-இலும் 2024-இலும் மழை தொடங்குகிற நேரத்தில் பத்து சதவீதத் தண்ணீர் வெட்டு வந்தது. குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வருகிற ஊரில் அந்தப் பத்து சதவீதம், தாராவிச் சந்தில் கடைசி வீட்டுக்காரரின் நீல டிரம்மில்தான் முதலில் தெரியும். “தண்ணி வந்துட்டா?” என்று அவர் கேட்பது இவ்வளவு அவசியமாக இருக்க, நாம் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதைத்தான் வெட்டிப் பேச்சு என்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றபோது, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே பேசப்பட்ட பேச்சும் இதே பேச்சுதான். அப்போது இலக்கியம் பற்றி யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இனி ஈரத்துணி. இதைத்தான் நீங்கள் மிகவும் கேவலமாக நினைத்திருக்கிறீர்கள், இதில்தான் எனக்கு வாதம் அதிகம். ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் இங்கே காற்றே ஈரமாக இருக்கும். துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம், நான்காம் நாள் நாற்றம். நம் வீட்டில் மொட்டைமாடியும் வெயிலும் இலவசம், துணி காய்வதை ஒரு வேலையென்று யாரும் எண்ணியதே இல்லை. இங்கே வெயில் என்பது நாலு மாதம் ஸ்டாக் இல்லாத சரக்கு. இல்லாமல் போனால் பிழைப்பே நின்றுவிடும். 1959 மார்ச் 15-ஆம் தேதி இதே மும்பையின் கிர்காமில் ஒரு மொட்டைமாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். பின்னாளில் லிஜ்ஜத் என்று நாடெங்கும் பெயர்பெற்றது அதுதான். முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை என்பதற்காக நாலு மாதம் தொழிலையே மூடிவைத்தார்கள். அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே ஸ்டவ்வைப் பற்றவைத்து மழையை ஜெயித்தார்கள். பெரியப்பா, கட்டிலுக்கு அடியில் ஸ்டவ் வைக்கலாம் என்ற யோசனை எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலிருந்தும் வந்திருக்காது. ‘காயவே மாட்டேங்குதே, என்ன செய்ய’ என்று பெண்கள் உட்கார்ந்து புலம்பிய இடத்திலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் அனுமானம். அந்தப் புலம்பலை அன்றைக்கு யாராவது தமிழாசிரியர் கேட்டிருந்தால் வெட்டிப் பேச்சு என்றுதான் சொல்லியிருப்பார்.

தாராவியில் இப்போதும் அதே கதை. அங்கே சந்துகளில் பெரிய பிரம்புக் கூடைகளைக் கவிழ்த்துவைத்து அதன் முதுகில் அப்பளம் காயப்போடுவார்கள். இட்ட அப்பளம் பச்சையாக இருக்கும்போது கூடையின் வளைவுக்குத் தகுந்தபடி படிந்து உட்காரும். காயக் காய ஓரம் மெல்ல எழும்பும். எழும்பியதும் திருப்பிப்போட வேண்டும். நடக்கவே இடமில்லாத சந்தில் தட்டையாகப் பாய் விரித்து உலர்த்த முடியாது, கூடையென்றால் மேகம் கறுத்த உடனே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடலாம். ‘மழை வருது’ என்று சந்தின் ஒரு முனையில் எழும் குரல் மறுமுனைக்குப் போய்ச் சேருமுன் கூடைகள் மறைந்திருக்கும். நம் குழு செய்வது அதே குரலை மாட்டுங்காவரை, செம்பூர்வரை நீட்டிப்பதுதான். அதே தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தில் அடுக்கி, ஊர் முழுக்கக் கொண்டுபோய் விற்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் நாளைக்கு மழையா என்பது முதல்நாளே தெரிந்தாக வேண்டும். ரயில் நின்றால் நடைபாதையில் சாப்பிட ஆள் இருக்காது. ஊறப்போட்ட அரிசியை மறுபடி மூட்டையில் கட்ட முடியுமா?

துவையலும் துவைப்பதும் அடுக்களைப் பேச்சு, ஆண்பிள்ளைகள் இதில் எதற்கு என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பத்துக்குப் பத்து அறையில் அடுக்களை எங்கே முடிகிறது, கூடம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. செம்பூர் ஃபிளாட்டுகளில் கூரைக்குக் கப்பி போட்டு, கம்பியில் துணியை மாட்டி, கயிற்றால் மேலே இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் பருப்புச் சாதத்தில் அவருடைய லுங்கியே நெய்க்குப் பதிலாகச் சொட்டும்போது, எப்பேர்ப்பட்ட ஆண்பிள்ளைக்கும் வீட்டுவேலையில் அக்கறை பிறந்துவிடுகிறது. வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை சுற்றவிடலாமா, மின்விசிறியைத் துணிப்பக்கம் திருப்பலாமா என்று குழுவில் விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். பேசுகிறது அவர்கள், பிழிகிறது யார் என்று பெரியம்மா கேட்டால் மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பகுதியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

கனமான விஷயங்களிலிருந்து தப்பிப்பதற்காக மழையைப் பேசுகிறோம் என்கிறீர்கள். லண்டனில் அப்படி இருக்கலாம், அங்கே அந்நியரிடம் வாய் திறக்க வானிலை ஒரு சாக்கு. இங்கே அரசியல் வருவதே இந்த வழியாகத்தான். தாராவியை இடித்துக் கட்டுகிற திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பத்திரிகைகளில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிலத்தின் மதிப்பையும் ஒப்பந்தத்தையும் எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அங்கே இருக்கிற பெண் கேட்கிற கேள்வி, பத்தாவது மாடியில் கூடையை எங்கே கவிழ்ப்பது என்பது. அங்குள்ள கும்பர்வாடாக் குயவர்கள் பச்சைப் பானையை எங்கே உலர்த்துவது, சூளையை எங்கே மூட்டுவது என்கிறார்கள். வீட்டுக்கு வெளியே இருக்கும் நாலடி வெயிலில்தான் அங்கே பாதித் தொழில் நடக்கிறது. அந்த நாலடி எந்தச் சதுர அடிக் கணக்கிலும் ஏறுவதில்லை. இதைவிடக் கனமான நாட்டு நடப்பு வேண்டுமானால் சொல்லுங்கள், தேடிப்பார்க்கிறேன்.

கடைசியாக உங்கள் கோட்டைக்குள்ளேயே வருகிறேன். முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். மழைக்காலம் வந்துவிட்டது, போனவர் வரவில்லை என்று தலைவியும் தோழியும் பேசிக்கொள்வதை எடுத்துவிட்டால் அகப்பாட்டில் எவ்வளவு மிஞ்சும்? நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடி. அதில் மழையும் வாடையும் வந்ததும் சந்தனம் அரைக்கிற கல் சும்மா கிடக்கிறது, விசிறியில் சிலந்தி நூல் கட்டுகிறது, வேனிற்காலப் படுக்கையறையின் கதவைச் சாத்திவிடுகிறார்கள், சில்லென்ற தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. வீட்டுச் சாமான்களுக்கு மழைக்காலத்தில் என்ன ஆகிறது என்ற பட்டியல் இது. எங்கள் குழுவில் ஒருவர் போட்டிருந்தால் ‘வேற வேலை இல்லையா’ என்று நீங்கள் பதில் போட்டிருப்பீர்கள். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு விரிச்சி கேட்கப் போகிறார்களே, அங்கே அவர்கள் காதில் விழுவது சான்றோர் சொற்பொழிவா? கயிற்றில் கட்டுண்டு தவிக்கும் கன்றிடம், உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று ஒரு இடைமகள் சொல்லும் சமாதானம். மாடு மேய்க்கிற வீட்டில் அந்தி நேரத்து வேலையோடு வேலையாகச் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் அரண்மனையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டது. பாட்டில் வந்தால் நூறு வருஷம் உரை எழுதுவோம், வாட்ஸ்அப்பில் வந்தால் முகம் சுளிப்போம் என்பது எந்த நியாயம்?

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு வருகிறேனா என்று கேட்டிருந்தீர்கள். வருகிறேன். ஆனால் கொங்கண் ரயில்வே மழைக்காலத்துக்கென்று தனி அட்டவணையே போட்டு வண்டியை மெதுவாக விடுகிறது. மண்சரிவு பயமும் உண்டு. அதனால் புனே, சோலாப்பூர் வழியாக வரும் நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒரு பெட்டி முழுக்க அரைகுறையாகக் காய்ந்த துணி வரும். மாடியில் கொடியைக் கொஞ்சம் காலியாக வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
தங்கள் அன்புள்ள தம்பி மகன்