நம்பர் சொல்லுங்க சார்

13 அடி உயரம். 5 அடி கனம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் சொன்ன அளவு இது. ஆதார் தகவல்கள் இப்படியொரு மதிலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றனவாம். தகவல் திருடுபவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நள்ளிரவில் ஏணியோடு வருவான் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

அதே ஆண்டு ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டார். இதை வைத்து எனக்கு என்ன கெடுதல் செய்துவிடுவீர்கள், பார்க்கலாம் என்று சவாலும் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கைபேசி எண், பிறந்த தேதி, பான் எண் எல்லாம் ஊர் சுற்ற ஆரம்பித்தன. யாரோ ஒரு புண்ணியவான் அவர் வங்கிக் கணக்கில் 1 ரூபாய் போட்டுவிட்டும் போனார். இவையெல்லாம் ஏற்கெனவே பொதுவெளியில் கிடைப்பவைதான் என்று ஆதார் ஆணையத்திடமிருந்து விளக்கம் வந்தது. ஐயா, எங்கள் கவலையே அதுதான். விளக்கத்தோடு ஒரு எச்சரிக்கையும் வந்தது: பொதுமக்கள் யாரும் இதுபோல ஆதார் எண்ணைப் போட வேண்டாம்.

2022 மே மாதம் இன்னொரு கூத்து. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த நகலைக் கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் அறிவித்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி வாபஸ் வாங்கிவிட்டார்கள். சரியாகத்தான் புரிந்துகொண்டோம். ஆனால் நேரம் கடந்துவிட்டது. நம் நகல் ஊரிலிருக்கும் லாட்ஜ்களிலும் சிம் கார்டு கடைகளிலும் அடுக்காகக் கிடக்கிறது. மதில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இந்த நாட்டில் எதற்கும் விலை என்று ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தால் பொருள் கைக்கு வரும். விற்றவனுக்கு வாங்கியவன் யாரென்று தெரிய வேண்டியதில்லை. இப்போது விலையும் கொடுக்க வேண்டும், ஆளையும் கொடுக்க வேண்டும். ஏசி போட்ட ஒரு மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போய்ப் பாருங்கள்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்குப்பா?"

"பில் போடணும் சார்."

"காசு தர்றேன். மாத்திரையக் குடு."

"நம்பர் போடாம சிஸ்டம் அடுத்த பேஜ் போகாது சார்."

பின்னால் வரிசை நீள்கிறது. தனியுரிமைக்காகப் போராடுபவனுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் முதல் தண்டனை, பின்னால் நிற்பவர் கொட்டும் 'உச்'. கொடுத்துவிடுகிறோம். தலைவலி வேறு. பையன் மேல் குற்றமில்லை, அவனுக்குச் சம்பளம் போடுபவர்கள் அப்படிச் சொல்லி உட்காரவைத்திருக்கிறார்கள். கைபேசி எண் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியாகிவிட்டது. அந்தச் சிஸ்டத்துக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

கொடுத்த எண் எங்கே போகிறது? 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கிடைத்தன. முகவரி, வரி விவரம், பரிசோதனை முடிவு, என்ன நோய் என்பதுவரை. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் தன்னிடம் இருப்பதாகத் திருடியவரே கணக்குச் சொன்னார். இந்த விவகாரம் முழுவதிலும் பொதுமக்களிடம் தாராளமாக வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், கோவின் தளத்தில் தடுப்பூசிக்குப் பதிந்தவர்களின் விவரங்களும் அதே டெலிகிராமில் வந்து நின்றன. எண்ணைத் தட்டினால் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம். செய்தியே ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது அரசு. அதே கையோடு விசாரணைக்கும் உத்தரவிட்டது. அதே மாதத்தில் பீகாரில் ஒருவரைக் கைதும் செய்தார்கள். நடக்காத திருட்டுக்குக் கைது நடந்த ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, பொருளுக்கு வருவோம். 2020-ல் ஆப்பிள் தன் போன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. சுற்றுச்சூழலுக்காகவாம். சாம்சங் கேலி செய்து ஒரு பதிவு போட்டது. சில மாதங்களில் பதிவையும் காணோம், சாம்சங் பெட்டியில் சார்ஜரையும் காணோம். போன் விலை மட்டும் பூமியின் மேல் அக்கறை காட்டி இறங்கவில்லை. சார்ஜரைத் தனியாக, தனிப் பெட்டியில், தனிக் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஒரு பெட்டி இரண்டு பெட்டியானது எந்த மரத்தைக் காப்பாற்ற என்று கேட்காதீர்கள். பிரேசில் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் அபராதமும் போட்டது. நாம் பெட்டியைப் பிரித்து வீடியோ எடுத்துப் போட்டோம்.

போனிலாவது சுற்றுச்சூழல் என்று ஒரு சாக்கு இருந்தது. மின்சார ஸ்கூட்டரில் அதுவும் இல்லை. 2019-ல் மத்திய அரசு 10,000 கோடி ரூபாயில் மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியது. ஆலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் ஸ்கூட்டருக்கு மானியம் கிடையாது என்பது நிபந்தனை. நம் கம்பெனிகளின் மூளை வேலை செய்தது. வண்டி ஒரு பில். சார்ஜர் வேறு பில். மென்பொருள் இன்னொரு பில். சார்ஜர் இல்லாமல் மின்சார வண்டியை வாங்கி ஒருவன் என்ன செய்வான்? வாசலில் நிறுத்திப் பூஜை போடுவானா? புகார் எழுந்து, அரசு பிடித்து உலுக்கியபின் 2023-ல் ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோ ஆகிய நான்கும் வாங்கிய காசைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. நூற்றுக்கணக்கான கோடி. இதில் மூன்றுக்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை இருக்கிறது. முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் கைதட்டிய யாரும் அன்றைக்கு வாய் திறந்ததாக நினைவில்லை.

இப்போது அந்தத் தூய்மையான ஆற்றலை வாங்கப் போவோம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம், நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் வாசலில் சார்ஜிங் பாயின்ட். நண்பரின் காரில் பேட்டரி 11 சதவீதம். இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றின் திரை கறுத்துக் கிடந்தது. மற்றொன்று, எங்கள் செயலியைத் தரவிறக்கு என்றது. இறக்கினோம். எண் கேட்டது. ஓடிபி வரவில்லை. நண்பர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு புளிய மரத்தடிவரை நடந்து போய் ஓடிபி வாங்கி வந்தார். அடுத்து மின்னஞ்சல். அடுத்து வண்டி எண். எந்த நேரமும் உன் இருப்பிடத்தைப் பார்க்க அனுமதி கொடு என்றது. உன் எதிரில்தானே நிற்கிறேன் என்று நண்பர் அந்த இயந்திரத்திடம் சத்தம் போட்டே சொன்னார். கடைசியாக வாலட்டில் முன்பணம். அதில் மீந்த தொகை அங்கேயே தங்கிவிடும். இப்படி ஐந்தாறு கம்பெனிகளின் செயலிகளில் அவர் பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியிருக்கிறது.

சாலைக்கு எதிர்ப்புறம் பெட்ரோல் பங்க்.

"எவ்ளோண்ணே?"

"ஐநூறு."

"ஜீரோ பாத்துக்கங்கண்ணே."

அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. பூமியைக் கெடுக்கிற எரிபொருளை யார் வேண்டுமானாலும் ரொக்கம் கொடுத்து வாங்கலாம். பூமியைக் காப்பாற்ற வந்தவன் ஜாதகத்தைக் கொடுக்க வேண்டும்.

மின்சார வண்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புகைக்கு நடுவே ஸ்கூட்டரில் போகிறவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இந்த நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. பெசன்ட் நகரில் பச்சை நம்பர் பிளேட் போட்டவர் கண்ணாடியை இறக்கிச் சுத்தமான காற்றைச் சுவாசிக்கிறார். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. மீனவர் வலையை உதறினால் சேறும் சாம்பலும். அவருக்கு மானியம் கொடுக்க எந்தக் கட்டமும் இல்லை.

இணையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2022-க்குள் 1 கோடி பொது வைஃபை மையங்கள் என்று 2018-ல் கொள்கை எழுதினார்கள். அந்த ஆண்டு முடிந்தபோது பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ரயில் நிலையத்தில் இருக்கிறது, அரை மணி நேரம் இலவசம். உள்ளே நுழைய ஓடிபி. ஓடிபி வர சிக்னல். சிக்னல் இருந்தால் உன் வைஃபை எனக்கு எதற்கு? இணையத்தைக் கொடுப்பதில்தான் இந்தத் தடுமாற்றம். பிடுங்குவதில் இல்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லித் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டது. மொத்தம் 13 உயிர் போனது. மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். அந்த உத்தரவுக்கு ஓடிபி தேவைப்படவில்லை.

2025 நவம்பர் கடைசியில் இன்னொன்று நடந்தது. 90 நாளுக்குள், விற்கிற ஒவ்வொரு புதுப் போனிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலி இருந்தாக வேண்டும், அதன் வசதிகளை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை போன் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கிற செயலி. நல்ல வேலைதான். நல்ல வேலைக்கு எதற்குக் கட்டாயம்? கூச்சல் எழுந்ததும், வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளுங்கள் என்றார் அமைச்சர். உத்தரவில் இருந்தது வேறு. டிசம்பர் 3 அன்று வாபஸ். மக்களே விரும்பி இறக்கிக்கொள்வதால் கட்டாயம் தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள். விரும்புவதற்கு மக்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு, மூன்று நாள்.

இதற்கெல்லாம் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று அரசு நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் உரிமைதான் என்றார்கள். அதன்பின் ஆறு ஆண்டு யோசித்து, 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மேலும் இரண்டு ஆண்டு யோசித்து, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நம் சம்மதம் கேட்க வேண்டும், காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பன போன்ற, நமக்குப் பயன்படும் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம். கம்பெனிகள் தயாராக வேண்டுமல்லவா?

இன்னொரு பிரிவுக்கு அவகாசமே தேவைப்படவில்லை. அன்றே அமலுக்கு வந்தது. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் 44(3). முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அந்தரங்க விவரத்தை மட்டும்தான் அதிகாரி மறுக்க முடியும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றுகூட அதில் எழுதியிருந்தது. இப்போது எல்லாம் போய்விட்டது. தனிநபர் தகவல் என்ற ஒரே பெயரில் எதையும் மறுக்கலாம். பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. எது பொதுநலன் என்று முதலில் முடிவுசெய்பவர், மறுக்கிற அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர். போலிச் சான்றிதழ் கொடுத்துப் பதவிக்கு வந்தவரின் சான்றிதழ் அவருடைய தனிநபர் தகவல். நூறு நாள் வேலையில் வேலையே செய்யாத ஆட்களின் பெயர்ப் பட்டியலும் தனிநபர் தகவல்தான். என் ரத்த அழுத்தம் மட்டும் டெலிகிராமில் இருக்கலாம்.

சட்டத்தின் அபராதப் பட்டியலையும் படித்துவிடுங்கள். உங்கள் தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். உங்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொன்ன, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்குகிறது. உங்கள் பெயர் வருகிற இடமும் பட்டியலில் ஒன்று உண்டு. பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் உங்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். எது அற்பம் என்பதை இந்தச் சட்டத்தின் கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் சொல்லும். வாரியத்தை அரசு நியமிக்கும். அலுவலகம் முழுக்க டிஜிட்டல், அலைச்சல் கிடையாது. திருட்டுக் கொடுத்தவர் வீட்டில் இருந்தபடியே அபராதம் கட்டலாம்.