‘இது எந்தத் தோட்டம்?’: நிலக்காட்சி ஓவியரை எதிர்நோக்கும் ஒரு வினா குறித்த ஆராய்ச்சி

1. ஆய்வின் தேவை

நிலக்காட்சி ஓவியம் பற்றி உலகத்தார் எழுதிய நூல்கள் ஏராளம். வெளிச்சம் விழும் கோணம், தொலைவு மங்கும் விதம், மேகத்தின் அடிவயிற்றுக்குப் பூச வேண்டிய சாம்பலின் அளவு என எல்லாவற்றையும் அவை அலசிவிட்டன. ஆனால் மலாக்கா மாநிலத்துத் தமிழ் ஓவியர் ஒருவர் மாதக்கணக்கில் பாடுபட்டுத் தோட்டக் காட்சிகளைத் தீட்டி, பிரேம் போட்டு, மண்டபத்தில் மாட்டி, பிரமுகரும் ரிப்பன் வெட்டி முடித்ததும் அவரை நோக்கி வரும் முதல் கேள்வியை அந்நூல்களில் ஒன்றேனும் தொட்டதில்லை. அக்கேள்வி இது: “தம்பி, இது எந்தத் தோட்டம்?”

“கற்பனைதாங்க” என்று பதில் சொன்ன ஓவியர் எவரும் அன்று மாலை தமக்கு ஊற்றிய தேநீரை நிம்மதியாகக் குடித்ததில்லை. ஆகவே, கண்காட்சிக்கான ஆயத்தங்கள் அனைத்தையும் இந்த ஒரே கேள்வியைக் கொண்டு உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கலை விமரிசகர்கள் இதை அற்ப விஷயம் என்பார்கள். அவர்கள் லயம் எனப்படும் தோட்டத்து வரிசைவீட்டில் பிறந்தவர்கள் அல்லர்.

2. இட எல்லையும் கால எல்லையும்

அலோர் காஜா, மத்திய மலாக்கா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களே ஆய்வின் இட எல்லை. மலாக்கா நகரில் செந்நிற டச்சுக் கட்டடங்களை வரைந்து சுற்றுப்பயணிகளுக்கு விற்கும் ஓவியர்கள் மரியாதையுடன் விலக்கப்படுகிறார்கள். அக்கட்டடங்களுள் ஒன்றான ஸ்டாதைஸின் முன் நின்று “இது எந்தக் கட்டடம்?” என்று எவரும் கேட்பதில்லை. அது 17ஆம் நூற்றாண்டில் எழுந்து, நெடுங்காலம் வெள்ளையாக நின்று, பிரிட்டிஷார் காலத்தில்தான் சிவந்தது. சிவந்த நாள்முதல் ஓவியர்களுக்கு ஒரு டியூப் சிவப்பே முகவரியாகிவிட்டது. தோட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

காலத்தின் கீழ் எல்லையை 1896 எனக் கொள்ளலாம். அவ்வாண்டில்தான் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நட்ட முதல் ரப்பர் அது என்று பொதுவாகச் சொல்வர். எனவே அதற்கு முன் தீட்டிய ரப்பர் தோட்டக் காட்சி என்று எவரேனும் ஒரு படத்தை விற்க வந்தால் வாங்கற்க. மேல் எல்லையை வகுக்க இயலவில்லை. கடைசி லயம் இடிந்த ஆண்டு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுவதோடு, இடிந்த பிறகும் சிலர் அங்கேயே குடியிருக்கிறார்கள், மனத்தளவில்.

3. திணை வகுத்தல்

தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பகுத்தார். பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் இயல்பு கெட்டால் பாலை பிறக்கும் என்ற விளக்கம் சிலப்பதிகாரத்தில் கிடைக்கிறது. இதே தருக்கத்தை நீட்டினால், காடு இயல்பு கெட்டால் தோட்டமும், தோட்டம் இயல்பு கெட்டால் ‘தாமான்’ எனப்படும் வீடமைப்புப் பகுதியும் பிறக்கும் என்பது பெறப்படும். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. தாமானுக்கும் அதுவே.

தோட்டத் திணைக்கு முதற்பொருளில் சிறுபொழுது வைகறை. வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போன பொழுது அது. கருப்பொருள்களில் மரம் பால்மரம், தெய்வம் மாரியம்மனும் எல்லையில் முனியாண்டியும், பறை காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடிக்கும் மணி, தொழில் பால்வெட்டு, கருவி உளியும் பால் பிடிக்கும் மங்கும் வாளியும். உரிப்பொருள் எது என்பதில்தான் அறிஞர் தடுமாறக்கூடும். யாம் துணிந்து சொல்வது: வினவலும் வினவல் நிமித்தமும்.

இந்த உரிப்பொருள் தோன்றிய காரணம் வரலாற்றில் உள்ளது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன; வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். அதைத் தடுக்கத் தொழிலாளரே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தப்பிய தோட்டங்கள் பலவற்றில் பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். ஆள் போனால் லயம் போகும். லயம் போனால் இடம் என்பது பெயர் மட்டுமே. ஆதலால் மலாக்காத் தமிழர் சுவரில் தொங்கும் தோட்டத்தைப் பார்த்ததும் கேட்பது கலைக் கேள்வி அன்று. காணாமற்போன உறவினரைத் தேடும் கேள்வி.

4. மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஓவியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மரம். ரப்பர் நிரையாக நிற்கும். இரண்டு நிரைகளுக்கு நடுவே நின்று பார்த்தால் மரங்கள் சிறுத்துச் சிறுத்து ஒரே புள்ளியில் போய்ச் சேரும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக வடிவகணிதம் போட்டுக் கற்ற தொலைவுக் காட்சியைப் பால்வெட்டுக்காரர் சம்பளத்தோடு கற்றார். செம்பனையோ முக்கோணமாக நடப்படுவது. மரத்துக்கு மரம் 9 மீட்டர், ஹெக்டேருக்குச் சுமார் 140 மரம். எங்கே நின்றாலும் மூன்று திசைகளில் பாதை திறக்கும். ஓவியருக்குத் தலைசுற்றும்.

பார்வையாளருக்கு இதெல்லாம் பொருட்டல்ல. படத்தில் ரப்பர் இருந்தால் அது “நாங்க இருந்தப்ப”. செம்பனை இருந்தால் “நாங்க வந்த பிறகு”. ஓவியர் மரத்தை வரைவதாக நினைத்து ஆண்டை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பருவத்திலும் எச்சரிக்கை தேவை. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குக் கூட்டம் கிளம்பும் காலத்தை ஒட்டித்தான் பால்மரங்கள் இலை பழுத்து உதிர்க்கின்றன. காடே செம்பும் பொன்னுமாக மாறும். இதை வரையாத ஓவியர் அரிது. படித்த பார்வையாளர் இதன் எதிரே நின்று “இங்கிலாந்து மாதிரி இருக்கு” என்பார். பழைய வெட்டுக்காரர் அதே படத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்: “இந்த மாசம் பால் இறங்காது. சம்பளம் கம்மி.”

5. பச்சை, பூஞ்சை

1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்னும் ஓவியர் வர்ணம் அடைக்கும் வெள்ளீய டியூப்பைக் கண்டுபிடித்தார். ஓவியர்கள் வர்ணத்தைத் திறந்தவெளிக்கு எடுத்துப் போக முடிந்தது. 1859இல் பிரான்சில் விரிடியன் பச்சைக்குக் காப்புரிமை கிடைத்தது. 1930களில் தாலோ பச்சை வந்தது. இத்தனை பேர் இத்தனை பாடுபட்டும் டியூப்பிலிருந்து நேராக எடுத்த எந்தப் பச்சையும் ஜாசின் பச்சையோடு ஒட்டுவதில்லை. தாலோவில் சுட்ட சியென்னா என்னும் பழுப்பைக் கலந்தால் செம்பனை மட்டை கிடைக்கும். மஞ்சளைக் கூட்டினால் ரப்பர் கொழுந்து. ஓவியர் இதற்காக இரவெல்லாம் கண்விழிப்பார்.

களத்தில் யாம் கண்டது வேறு. இலைகளின் பச்சையைப் பற்றிப் பார்வையாளர் எவரும் வாய் திறந்ததில்லை. அவர்கள் சோதிக்கும் ஒரே பச்சை கதவுப் பச்சை. “எங்க லயத்துக் கதவு நீலம்ல? யார் பச்சை அடிச்சது?”

அடுத்து ஈரம். நீர்வர்ணத் தாளுக்கு, சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள உயர்ந்த பருத்தித் தாளுக்கும்தான், நீரை உடனே உறிஞ்சாதிருக்க ஜெலட்டின் பூசுவார்கள். அந்த ஜெலட்டினே பூஞ்சைக்குப் பசியாறல். மலாக்காவின் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. மழை மாதங்களில் அலமாரிக்குள் வைத்த படத்தின் வானத்தில், ஓவியர் போடாத பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவற்றைப் பறவைக் கூட்டம் என்று விளக்குவது இத்துறையில் மரபு. சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பவர்கள் மரபை மீறியவர்கள். ஆனால் அவர்கள் படம்தான் பிழைக்கிறது.

6. மலையைப் பங்கிடுதல்

லேடாங் மலை 1,276 மீட்டர் உயரம். அதன் உச்சி ஜொகூருக்குச் சொந்தம். ஓவியத்தில் மட்டும் அது மலாக்காவின் பொதுச்சொத்து. பின்னணி காலியாக இருந்தால் உடனே ஒரு லேடாங் எழும். இதில் தவறில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஃபூஜி மலைக்கு 36 காட்சிகள் என்று பெயர் வைத்துவிட்டு 46 அச்சிட்டார். ஜப்பானியர் கணக்குக் கேட்கவில்லை. பிரெஞ்சு ஓவியர் செசான் ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தே நவீன ஓவியத்துக்கு வழிவிட்டார்.

ஆயினும் ஃபூஜியின் கீழே தோட்ட லோரி ஓட்டியவர்கள் கண்காட்சிக்கு வருவதில்லை. இங்கே வருவார்கள். மலையின் தோள் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கொண்டே, ஓவியர் அசகான் பக்கம் நின்றாரா, ஜாசின் பக்கம் நின்றாரா, அல்லது வீட்டில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தாரா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

7. தலைப்பிடுதலில் இரு கட்சிகள்

பெயர்க் கட்சியார் ‘புக்கிட் அசகான், காலை’ என்று எழுதி ஒட்டுவர். விளைவு: கெமண்டோர்த் தோட்டத்துக்காரர்கள் அப்படத்தின் முன் நிற்கமாட்டார்கள், அசகான்காரர்கள் நகரவேமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி இடம் மாறியிருக்கிறது, பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையைக் காணோம், கோயில் வேப்பமரம் இவ்வளவு குட்டையில்லை என்று குற்றப்பத்திரிகை நீளும்.

மறுப்புக் கட்சியார் ‘அமைதி’, ‘விடியல்’, ‘காட்சி 4’ என்று பொத்தாம்பொதுவாக ஒட்டுவர். இவர்களுக்கு முன்னோடி உண்டு. ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஆங்கிலேயர் 1821இல் இலண்டன் ராயல் அகாடமிக் கண்காட்சிக்கு ஒரு பெரிய படத்தை ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்று மட்டும் பெயரிட்டு அனுப்பினார். ஊர் சொல்லவில்லை. படமும் அங்கே விலைபோகவில்லை. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. மக்கள் சும்மா விட்டார்களா? ஆற்றில் நிற்கும் வைக்கோல் வண்டியை வைத்துப் படத்துக்கு வேறு பெயர் வழங்கினார்கள்; ஓரத்தில் தெரியும் குடிசை இன்னார் வீடு என்று கண்டுபிடித்தார்கள்; இன்றும் ஃபிளாட்ஃபோர்டுக்குப் போய் அந்த வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தலைப்பை மறைத்தால் கேள்வி நிற்கும் என்ற கொள்கை, இங்கிலாந்திலேயே தோற்றுப்போன கொள்கை.

8. கடைசி நேரத் திருத்தம்

1832இல் அதே அகாடமியில், கான்ஸ்டபிளின் வண்ணமயமான படத்துக்குப் பக்கத்தில் தம் சாம்பல் நிறக் கடற்காட்சி எடுபடவில்லை என்று கண்ட டர்னர் என்னும் ஓவியர், ஒரு பொட்டுச் சிவப்பை அதில் வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து அதை மிதவையாக்கினார். எல்லாருடைய கண்ணும் அங்கே போயிற்று. மலாக்காவில் இந்த உத்தி சிவப்புச் சேலையாக வழங்குகிறது. பச்சைக்குள் எங்கோ ஒரு பெண் சிவப்புச் சேலையில் நடந்துபோவார். இடர் யாதெனில், அவரையும் யாரேனும் அடையாளம் கண்டுவிடுவர்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில் அமைய வேண்டும் என்பது காட்சிக்கூடங்களின் பரவலான வழக்கம். நம் கண்காட்சிகளில் கேள்வி கேட்போரில் பெரும்பாலோர் பாட்டிமார் ஆதலால் இதைச் சற்றுக் குறைப்பது நலம்.

9. களச்சான்று

ஒரு படம். இடப்பக்கம் லயம், நடுவில் குழாயடி, வலப்பக்கம் சிறு கோயில், மேட்டில் தண்ணீர்த் தொட்டி. பாட்டி ஒருவர் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றார்.

“தம்பி, இது எந்தத் தோட்டம்?”

“பொதுவா ஒரு தோட்டம்தான், பாட்டி.”

“பொதுவா தோட்டம் எங்கய்யா இருக்கு?”

ஓவியரிடம் பதில் இல்லை. பாட்டி விரலை நீட்டிக் கதவுகளை எண்ணத் தொடங்கினார். “குழாயிலேர்ந்து மூணாவது. அதான் எங்க வீடு. கெமண்டோர்தான் இது.” பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் விடவில்லை. “இல்லக்கா, கோயில் கிழக்க பாக்குது பாருங்க. இது தெபோங்.” இருவரும் ஓவியரைத் திரும்பிப் பார்த்தனர். லயம் ஓரிடத்தில் வரைந்தது, கோயில் வேறோரிடத்தில், தொட்டி சிறுவயது ஞாபகம். உண்மையைச் சொன்னால் இருவருக்கும் வீடு போய்விடும். “ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்” என்றார் ஓவியர். இது பொய்யன்று, இத்துறையில் இதுவரை கிடைத்த பதில்களுள் மிகத் துல்லியமானது என்பதே எம் கருத்து.

10. முடிபுகள்

முதலாவது, கேள்வி கேட்பவர் படத்தை வாங்குவதில்லை. கைப்பேசியில் படமெடுத்துக் கிள்ளானில் இருக்கும் தங்கைக்கும் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கும் அனுப்பிவிட்டுப் போகிறார். வாங்குபவர் கேள்வி கேட்பதில்லை. அகலம் எத்தனை அங்குலம், சோபாவுக்கு மேலே அடங்குமா என்று மட்டும் விசாரித்து, விற்றாயிற்று என்பதற்கான சிவப்புப் புள்ளியை ஒட்டச் சொல்கிறார். ஆக, ஒரு தோட்டக் காட்சி யாருக்கு வீடோ அவரிடம் போய்ச் சேருவதில்லை.

இரண்டாவது, இதற்காக ஓவியர் மனம் நோக வேண்டியதில்லை. நிலப்பத்திரம் கம்பெனியிடம் இருந்தது, மரம் கம்பெனியிடம் இருந்தது, லயமும் கம்பெனியிடம் இருந்தது. குடியிருந்தவர் கையில் எந்தக் காகிதமும் இல்லை. ஒரு படத்தின் எதிரே நின்று “இது எங்களது” என்று சொல்லிப்பார்க்கும் உரிமையையாவது 300 கிராம் தாள் தருமானால், அது வாங்கிய விலைக்கு வேலை செய்துவிட்டது.

மூன்றாவது, செயல்முறைப் பரிந்துரை. வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் உரிமைப் பதிவேடு ஒன்று வைக்க. ஒவ்வொரு படத்துக்கும் யார் யார் எந்தத் தோட்டம் என்று சொன்னார்கள், எத்தனையாவது கதவைக் காட்டினார்கள் என்பதை அதில் குறிக்க. படம் விலைபோனதும் அத்தனை பெயர்களையும் பிரேமின் பின்பலகையில் பென்சிலால் எழுதி, அதன் பிறகே ஒப்படைக்க. முன்பக்கம் சோபாக்காரருக்கு, பின்பக்கம் பாட்டிக்கு. பலகையில் இடம் போதாவிட்டால் பெயர்களைக் குறைக்கற்க. அடுத்த கண்காட்சிக்குப் பெரிய படமாக வரைக.